அப்டேட்டுக்குப் பிறகு ஹார்டு டிஸ்க் திறக்கவில்லையா? ஃபார்மேட் பொத்தானைத் தொடுவதற்கு முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் ஏராளம். மாறிய கையோடு பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் நன்றாகத்தான் எழுகிறது, இணையம் வருகிறது, பிரிண்டர்கூட வேலை செய்கிறது, ஆனால் கல்யாண போட்டோவும் பிள்ளைகளின் வீடியோவும் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கைச் செருகினால் ஒன்றும் தெரியவில்லை. அல்லது தெரிகிறது, கூடவே "இந்த டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

இப்படி வருபவற்றில் பெரும்பாலானவற்றில் டிஸ்கில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சேதம் பிறகுதான் நடக்கிறது, பதற்றத்தில் நாம் அழுத்தும் பொத்தான்களால். அதனால் எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அழுத்தக் கூடாதவை

ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் "கேன்சல்". விண்டோஸில் எல்லா டிஸ்குகளின் நிலையையும் காட்டும் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திரையைத் திறந்ததும் "இனிஷியலைஸ் டிஸ்க்" என்று ஒரு பெட்டி வந்தால் அதற்கும் "கேன்சல்". மேக்கில் "இந்த டிஸ்கை இந்தக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை" என்று வந்து மூன்று பொத்தான்களைக் காட்டினால் "இக்னோர்" மட்டும்.

இனிஷியலைஸ் என்பது டிஸ்கின் தொடக்கத்தில் புதிய பிரிவுப் பட்டியலை எழுதிவிடும். ஃபார்மேட் கோப்புகளின் அட்டவணையைப் புதிதாக எழுதும். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்கில் விரைவு ஃபார்மேட் செய்தாலும் கோப்புகளின் உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும், மீட்கலாம். சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் அந்தத் தைரியம் வேண்டாம். ஃபார்மேட் செய்யும்போது "இந்த இடங்கள் இனி காலி" என்று விண்டோஸ் டிஸ்குக்குச் சொல்லும் வசதி உண்டு. அந்தக் கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டால் மீட்பு மென்பொருளுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

மூன்றாவது ஒன்று, பார்க்க நல்லதுபோலத் தெரியும்: "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்". நல்ல நிலையில் உள்ள டிஸ்குக்கு அது உதவும். சாகக் கிடக்கும் டிஸ்கை அது முழுக்க ஓடவிட்டுக் கொன்றுவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியும்வரை அதையும் தள்ளிப்போடுங்கள்.

பழி அப்டேட்டின் மேல்தானா?

2025 ஆகஸ்டில் விண்டோஸ் 11-க்கான ஒரு பாதுகாப்பு அப்டேட் எஸ்எஸ்டிகளைக் காணாமல் போகச் செய்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு எழுந்தது. மைக்ரோசாஃப்ட் ஆராய்ந்து, தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றது. எஸ்எஸ்டிகளுக்கான கட்டுப்பாட்டுச் சில்லு தயாரிக்கும் ஃபைசன் நிறுவனமும் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை என்று அறிவித்தது. ஐந்து வருடம் உழைத்த டிஸ்க், அப்டேட் ஆன அதே வாரத்தில் தற்செயலாகவும் பழுதாகலாம்.

அதற்காக அப்டேட் எப்போதும் நிரபராதி என்றும் சொல்ல முடியாது. 2013-இல் ஆப்பிளின் மேக்ஓஎஸ் பதிப்பான மேவரிக்ஸ் வெளியானபோது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில துணை மென்பொருள்களைப் போட்டிருந்தவர்களின் எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் தரவு இழப்பு ஏற்பட்டது. அந்த மென்பொருள்களை நீக்கிவிடுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டை, யுஎஸ்பி டிஸ்கோ மெமரி கார்டோ செருகியிருந்த கம்ப்யூட்டர்களில் ஏறவிடாமல் மைக்ரோசாஃப்ட் சில காலம் தடுத்து வைத்திருந்தது. டிஸ்குகளுக்கு விண்டோஸ் கொடுக்கும் ஈ, எஃப் போன்ற டிரைவ் எழுத்துகள் இடம் மாறிப்போயின என்பது காரணம். 2025 அக்டோபர் 14 அப்டேட்டிலோ, விண்டோஸின் மீட்புத் திரைக்குள் போனால் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. சில நாளில் தனியாக ஒரு திருத்தம் விட்டார்கள்.

இரண்டும் நடக்கிறது. எனவே ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பதே குறைந்த செலவு.

முதல் படி: கேபிளும் காதும்

டிஸ்கைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரை "ரீஸ்டார்ட்" செய்யுங்கள். "ஷட் டவுன்" கொடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்வது இங்கே போதாது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இயங்குவதால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி முழுவதும் அணையாமல் டிஸ்கில் சேமித்து வைக்கப்படுகிறது. அதில் இருந்த குழப்பமும் மறுநாள் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அப்டேட்டின் மிச்ச வேலை ஏதாவது பாதியில் நின்றிருந்தாலும் அதில் முடிந்துவிடும்.

எழுந்த பிறகு, ஒரு துளையைப் பலவாக்கும் யுஎஸ்பி ஹப் எதுவும் இல்லாமல் நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் துளையில். தனி அடாப்டர் இல்லாத சிறிய டிஸ்குகள் தமக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் யுஎஸ்பி வழியாகவே எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 துளைக்கான வரம்பு 500 மில்லிஆம்பியர், 3.0-க்கு 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில்தான் அதிகம் இழுக்கும். மலிவான ஹப்பில் வேறு இரண்டு மூன்று பொருள்கள் தொங்கினால் அங்கேயே தடுமாறிவிடும்.

கேபிளை மாற்றிப் பாருங்கள். டைப்-சி என்றால் இன்னும் கவனம். போனோடு வந்த பல கேபிள்கள் சார்ஜுக்குத்தான் லாயக்கு. தரவை யுஎஸ்பி 2.0 வேகத்தில் தள்ளும், சிலதில் தரவுக் கம்பியே கிடையாது. டிஸ்கோடு பெட்டியில் வந்த கேபிள் எங்கே என்று தேடுவது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் தேடுங்கள்.

இனி காதைக் கொடுங்கள். சீராகச் சுழலும் மெல்லிய ஓசை என்றால் நல்லது. "டிக், டிக், டிக்" என்று ஒரே இடைவெளியில் தட்டும் சத்தம், சுழல ஆரம்பித்து நின்று மறுபடி ஆரம்பிக்கும் சத்தம், கிறீச்சிடும் சத்தம்: இவற்றில் எதைக் கேட்டாலும், முதலில் கேபிளும் துளையும் மாற்றி ஒருமுறை. பிறகும் அதே சத்தம் என்றால் கழற்றி வைத்துவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போய்விடுங்கள். இடையில் உள்ள எதுவும் உங்களுக்கானதல்ல.

இரண்டாம் படி: இன்னொரு கம்ப்யூட்டர்

மொத்தச் சோதனையிலும் அதிகப் பயன் தருவது இதுதான். ஆனால் இதைச் செய்யாமலேயே மணிக்கணக்காக செட்டிங்க்ஸுக்குள் அலைபவர்களே அதிகம். அப்டேட் ஆகாத, அல்லது வேறு பதிப்பு ஓடும் ஒரு கம்ப்யூட்டரை நண்பரிடமோ அலுவலகத்திலோ கேட்டு வாங்கிச் செருகிப் பாருங்கள்.

அங்கே திறந்தால் டிஸ்க் நலம். சிக்கல் உங்கள் கம்ப்யூட்டரில். அந்த நிமிடமே, அதே கம்ப்யூட்டரில், முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள். "வீட்டுக்குப் போய் சரிசெய்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளாதீர்கள். நகல் கையில் இருந்தால், இதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனையையும் பயமில்லாமல் செய்யலாம்.

டிவியில் செருகிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதியுள்ள சில டிவிகள், டிஸ்கைக் கண்டதுமே தமக்கேற்றபடி ஃபார்மேட் செய்துகொள்ளவா என்று கேட்கும். ரிமோட்டில் விரல் தவறினால் போச்சு.

மூன்றாம் படி: டிஸ்க் மேனேஜ்மென்ட்டைப் படிப்பது

ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் "டிஸ்க் மேனேஜ்மென்ட்". கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். டிஸ்க் 0 பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க். எக்ஸ்டர்னல் எது என்று அடையாளம் காண, கொள்ளளவைப் பாருங்கள். 1 டெராபைட் என்று பெட்டியில் போட்டிருந்தால் இங்கே 931 ஜிபி போலக் காட்டும். 2 டெராபைட் என்றால் 1,863. இது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு, எதுவும் குறைந்துவிடவில்லை. கொள்ளளவு சரியாகத் தெரிந்தால் அதுவே பாதி நிம்மதி. பூச்சியம் என்றோ, சம்பந்தமில்லாத எண்ணோ காட்டினால் கோளாறு டிஸ்கிலோ அதன் கூட்டிலுள்ள சர்க்யூட்டிலோ இருக்கிறது. விண்டோஸில் எதை மாற்றியும் பயன் இல்லை.

கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

"ஹெல்த்தி" என்று இருக்கிறது, ஆனால் ஈ, எஃப் போன்ற எழுத்து எதுவும் பக்கத்தில் இல்லை. அப்டேட்டுக்குப் பின் வரும் சிக்கல்களில் இதுதான் மிக எளியது. வீடு இருக்கிறது, கதவு எண் இல்லை; அவ்வளவே. அந்தக் கட்டத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்", பிறகு "ஆட்". எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டியலில் முதலில் வரும் எழுத்தை விட்டுவிட்டு பி (P), ஆர் (R), எஸ் (S) என்று பின்னால் ஒன்றை எடுங்கள். கூகுள் டிரைவ் மென்பொருள் வழக்கமாக ஜி-யைப் பிடித்துக்கொள்ளும். அலுவலக நெட்வொர்க் டிரைவுகளும் பென் டிரைவுகளும் நடுவில் வந்து உட்காரும். தள்ளி ஒரு எழுத்து கொடுத்தால் மறுபடி மோதல் வராது. பேக்கப் மென்பொருள் பழைய எழுத்தைத்தான் தேடும் என்றால் மட்டும் பழையதையே கொடுங்கள். ஆங்கில வரிசையின் முதல் இரண்டு எழுத்துகள் (A, B) ஃப்ளாப்பி காலத்தின் மிச்சம், அவற்றைத் தொடாமல் விடலாம்.

"ஆஃப்லைன்" என்று இடது ஓரத்தில் இருக்கிறது. அந்த இடது ஓரக் கட்டத்தின் மேலேயே வலது பொத்தான், "ஆன்லைன்". முடிந்தது.

பூட்டுப் படத்தோடு தெரிகிறது, அல்லது பிட்லாக்கர் என்று எழுதியிருக்கிறது. டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். யாரோ எப்போதோ அந்த டிஸ்கைப் பூட்டியிருக்கிறார்கள். அலுவலகம் கொடுத்த டிஸ்குகளில் இது சகஜம். இதுவரை உங்கள் பழைய விண்டோஸ் சாவியை நினைவில் வைத்துக்கொண்டு தானாகத் திறந்துகொண்டிருந்தது. விண்டோஸைப் புதிதாக ஏற்றினீர்கள் என்றால் அந்த நினைவு போய்விட்டது. பாஸ்வேர்டு வேண்டும், அல்லது 48 இலக்க மீட்புச் சாவி. திரையில் சாவியின் அடையாள எண் ஒன்று காட்டும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் சாதனங்களின் மீட்புச் சாவிகள் பகுதியில் அதே அடையாளத்துக்கு எதிரே இருக்கும் சாவியை எடுங்கள். சாவியைச் சேமித்தபோது காகிதத்தில் அச்சிட்டும் வைத்திருக்கலாம், பென் டிரைவில் ஒரு கோப்பாகவும் போட்டிருக்கலாம். அலுவலக டிஸ்க் என்றால் அங்குள்ள ஐடி பிரிவிடம் இருக்கும். இந்தச் சாவி எங்குமே இல்லை என்றால் குறுக்கு வழி கிடையாது. திறந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

"ரா" என்று காட்டுகிறது. பிரிவு இருக்கிறது, ஆனால் அதற்குள் என்ன முறையில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று விண்டோஸுக்குப் புரியவில்லை. ஃபார்மேட் செய்யச் சொல்லும் பெட்டி வருவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். அப்டேட்டின் நடுவில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனபோது டிஸ்கில் ஏதோ எழுதப்பட்டுக்கொண்டிருந்தால் அட்டவணை பாதியில் அறுந்திருக்கலாம். எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்பவை அப்படிக் கோப்புகளை அடுக்கும் முறைகளின் பெயர்கள். எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள டிஸ்குகள் இதில் இன்னும் பலவீனம். என்டிஎஃப்எஸ் போல, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு அதில் இல்லை. ரா-வுக்கு என்ன செய்வது என்பதைத் தனியே கீழே சொல்கிறேன்.

"அன்அலொகேட்டட்" என்று கருப்புப் பட்டையோடு காட்டுகிறது. இங்கே "நியூ சிம்பிள் வால்யூம்" என்று ஒரு வசதி ஆசை காட்டும். அதைத் தொடாதீர்கள். மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மேட் செய்த டிஸ்கா என்று முதலில் யோசியுங்கள். அவற்றின் முறைகளை விண்டோஸுக்குத் தானாகப் படிக்கத் தெரியாது. அப்படி இல்லை என்றால் இதையும் ரா போலவே நடத்த வேண்டும்.

கட்டமே இல்லை. டிஸ்க் சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் பட்டியலில் சுவடே இல்லை. இதற்குத்தான் அடுத்த படி.

நான்காம் படி: டிவைஸ் மேனேஜர்

அதே ஸ்டார்ட் பொத்தான், வலது கிளிக், "டிவைஸ் மேனேஜர்". மேலே "வியூ" பட்டியலில் "ஷோ ஹிட்டன் டிவைசஸ்" என்பதை அழுத்துங்கள். "டிஸ்க் டிரைவ்ஸ்" என்ற பகுதியிலும், "யுனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ்" என்ற பகுதியிலும் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இருமுறை கிளிக் செய்து குறியீட்டு எண்ணைப் படியுங்கள். 28 என்றால், சாதனத்தை இயக்க விண்டோஸுக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளே ஏறவில்லை. 43 என்றால் சாதனம் தானே கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. கேபிளும் துளையும் மாற்றிய பிறகும் இதே எண் வந்தால், இன்னொரு கம்ப்யூட்டரில் என்ன நடந்தது என்பதுதான் தீர்ப்பு.

செய்ய வேண்டியது இது. டிஸ்கின் பெயர் மேல் வலது கிளிக், "அன்இன்ஸ்டால் டிவைஸ்". பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோப்புகள் போகாது, விண்டோஸ் அந்த டிஸ்கைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பு மட்டும் போகும். உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்கின் பெயர்தானா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்கைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகினால் புதிதாக அறிமுகமாகும். பலருக்கு இத்தோடு சரியாகிவிடுகிறது.

செருகியதும் தெரிகிறது, சில நிமிடத்தில் மறைகிறது என்றால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். "யுஎஸ்பி ரூட் ஹப்" என்று ஒன்றோ பலவோ இருக்கும். ஒவ்வொன்றின் "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்திலும், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கை எடுங்கள். சில புதிய லேப்டாப்களில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் "யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" என்பதைத் தேடி அணையுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால், லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்கே போய், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து சிப்செட், யுஎஸ்பி டிரைவர்களை இறக்குங்கள். டிரைவர்களை ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். இருக்கும் சிக்கலோடு விளம்பரத் தொல்லையும் சேரும்.

ரா ஆகிவிட்ட டிஸ்க்

முதலில் உடல்நலம் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் குறிப்புகளைக் காட்டும். நிறைய வரிகள் இருக்கும். 05, சி5, சி6 என்ற மூன்றை மட்டும் பார்த்தால் போதும். 05, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. சி5, படிக்கத் திணறிக்கொண்டிருக்கும் பகுதிகள். சி6, படிக்க முடியாமலே போனவை. மூன்றும் பூச்சியம் என்றால் டிஸ்கின் இயந்திரம் திடமாக இருக்கிறது, அட்டவணைதான் குழம்பியிருக்கிறது என்று கொள்ளலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் எந்தச் சோதனையையும் ஓட்டாமல் நிறுத்துங்கள். சில எக்ஸ்டர்னல் கூடுகள் இந்தத் தகவலை வெளியே விடாது. அப்போது சத்தத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இயந்திரம் திடம் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் நல்ல தொடக்கம். முகப்பு கருப்புத் திரையில் எழுத்துகளாக இருக்கும், அழகு குறைவு, ஆனால் நேர்மையானது. தொலைந்த பிரிவைத் தேடி, அதற்குள் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும்; அங்கிருந்தே வேறு டிஸ்குக்கு நகலெடுக்கலாம். பட்டியல் தெரிந்தால் முதலில் நகல். "ரைட்" என்று எழுதும் கட்டளை அதற்கும் பிறகுதான். அதோடு வரும் போட்டோரெக், கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து அடையாளம் கண்டு மீட்கும். படங்கள் கிடைக்கும், ஆனால் கோப்புப் பெயர்களும் ஃபோல்டர்களும் போய்விடும்; ஆயிரக்கணக்கான படங்களுக்கு மறுபடி பெயர் வைக்கும் பொறுமை வேண்டும்.

எதைக் கொண்டு மீட்டாலும், மீட்டதை அதே டிஸ்கில் சேமிக்காதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. மீட்கப் போகும் அளவுக்குக் காலியிடம் உள்ள இன்னொரு டிஸ்க் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நகல் பத்திரமான பிறகு விண்டோஸின் சரிபார்ப்பை ஓட்டலாம்: டிரைவின் மேல் வலது கிளிக், "ப்ராப்பர்ட்டீஸ்", "டூல்ஸ்", "செக்". முடிந்ததும் சில ஃபோல்டர்களைக் காணவில்லை என்றால், "ஃபவுண்ட்" என்று தொடங்கும், பெயரில் மூன்று இலக்கங்கள் உள்ள மறைந்த ஃபோல்டர் ஒன்று உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உரிமை தெரியாத துண்டுகளை அங்கேதான் போட்டுவைக்கும்.

திறக்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை

விண்டோஸைப் புதிதாக ஏற்றியவர்களுக்கு இது வரும். டிஸ்க் தெரிகிறது, ஃபோல்டரைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது. உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் பழையவையாகவே இருந்தாலும், புதிய விண்டோஸுக்கு நீங்கள் வேறோர் ஆள். உள்ளுக்குள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தனி எண் உண்டு, அது மாறிவிட்டது. "கன்டின்யூ" கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஃபோல்டர் பெரிதென்றால் பச்சைக் கோடு நகர்வதே தெரியாது, நடுவில் கழற்றாதீர்கள்.

டிஸ்க் திடீரென்று மெதுவாகிவிட்டது என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. அப்டேட் ஆன முதல் நாள் வைரஸ் சோதனையும் தேடல் அட்டவணையும் பின்னணியில் ஓடலாம், ஒரு நாள் விட்டுப் பிடியுங்கள். இன்னொன்று, 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எக்ஸ்டர்னல் டிஸ்குகளுக்கு வேகத்தைவிட உடனே கழற்றும் வசதிக்கே முன்னுரிமை என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. பெரிய வீடியோக்களைத் தினமும் எழுதுபவர் டிஸ்கின் "பாலிசீஸ்" பக்கத்தில் "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" என்று மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றினால் "எஜெக்ட்" கொடுக்காமல் ஒருநாளும் கழற்றக் கூடாது. மற்றவர்கள் இருப்பதை அப்படியே விடுவதே நல்லது என்பேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

2022-இல் வந்த வென்ச்சுராவிலிருந்து, ஆப்பிள் சில்லு உள்ள மேக் லேப்டாப்கள் புதிய யுஎஸ்பி சாதனத்தைக் கண்டதும் அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் மூடிவிட்டால் டிஸ்குக்கு மின்சாரம் மட்டும் போகும், தரவு போகாது. செட்டிங்க்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் ஆக்சசரிகள் பற்றிய வரியைப் பாருங்கள். லேப்டாப்பைத் திறந்து, பூட்டை எடுத்த பிறகு செருகுங்கள்.

டிஸ்க் மேசைத் திரையில் இல்லை என்பதால் மட்டும் இல்லை என்று ஆகாது. ஃபைண்டரின் செட்டிங்க்ஸில் எக்ஸ்டர்னல் டிஸ்குகளைக் காட்டும் டிக் அணைந்திருக்கலாம். டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து, "வியூ" பட்டியலில் "ஷோ ஆல் டிவைசஸ்" கொடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தால் "மவுண்ட்". பிறகும் வரவில்லை என்றால் "ஃபர்ஸ்ட் எய்ட்": முதலில் உள்ளே இருக்கும் வால்யூம்கள், பிறகு அதை அடக்கிய கன்டெய்னர், கடைசியில் டிஸ்க் முழுவதும். எக்ஸ்ஃபேட் டிஸ்கைச் சரியாகக் கழற்றாமல் விட்டிருந்தால், செருகியதுமே மேக் பின்னணியில் அதைச் சரிபார்க்கத் தொடங்கும், முடியும்வரை காட்டவே காட்டாது. பெரிய டிஸ்க் என்றால் நெடுநேரம் எடுக்கும். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை பொறுத்திருங்கள்.

என்டிஎஃப்எஸ் டிஸ்கில் மேக் படிக்கும், எழுதாது. எழுதுவதற்காக நீங்கள் தனியாகப் போட்ட மென்பொருள், மேக்ஓஎஸ் புதிய பதிப்புக்கு மாறும்போது வேலையை நிறுத்திவிடுவது வழக்கம். அதன் புதிய பதிப்பை ஏற்றி, அனுமதியையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

லினக்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக: 2021-இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.15-இல் என்டிஎஃப்எஸ் முறைக்குப் புதிய உள் டிரைவர் சேர்ந்தது. சரியாகக் கழற்றப்படாத அடையாளம் உள்ள டிஸ்கை அது திறக்க மறுக்கும். பழைய பதிப்பில் திறந்துகொண்டிருந்த டிஸ்க், புதிய பதிப்பில் சூப்பர்பிளாக் தவறு என்று ஏதோ சொல்லி அடம் பிடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, சரிபார்ப்பை ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவாருங்கள்.

அப்டேட்டையே திரும்பப் பெறுவது

இன்னொரு கம்ப்யூட்டரில் டிஸ்க் நன்றாகத் திறக்கிறது, மேலே சொன்ன எதற்கும் உங்கள் கம்ப்யூட்டர் மசியவில்லை என்றால் மட்டும் இந்த வழி. செட்டிங்க்ஸில் விண்டோஸ் அப்டேட், "அப்டேட் ஹிஸ்டரி", "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". பதிப்பே மாறியிருந்தால், "சிஸ்டம்" பகுதியின் "ரெகவரி"யில் "கோ பேக்". இது பத்து நாள் வரைதான் இருக்கும், பிறகு பழைய கோப்புகளை விண்டோஸே அழித்துவிடும். திரும்பப் போகும்போது எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டை நிரந்தரமாக நீக்கி வைப்பது ஆபத்து, திருத்தம் வரும்வரை மட்டும். ரா ஆகிவிட்ட டிஸ்க் இதனால் பிழைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைக்குக் கொடுக்கும் நேரம்

தட்டும் சத்தம், தவறான கொள்ளளவு, ஏறும் சி5, இரண்டு கம்ப்யூட்டரிலும் சுவடின்மை: இவற்றில் ஒன்று இருந்து, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பு மையத்திடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் வித்தையை இன்றும் சிலர் சொல்வார்கள். உள்ளே ஈரம் கோத்து, இருந்ததும் போகும்.

கூட்டைப் பிரித்து உள் டிஸ்கை நேரடியாகக் கம்ப்யூட்டரில் இணைக்கலாம் என்ற யோசனையும் எல்லா டிஸ்குக்கும் செல்லாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் வகையில் பலவற்றில் யுஎஸ்பி துளை டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், உள் டிஸ்கைக் கம்ப்யூட்டரோடு நேரடியாக இணைக்கும் சாட்டா இணைப்பு உள்ளே கிடையாது. சிலவற்றில் கூட்டின் சில்லே தரவைக் குறியாக்கம் செய்துவைக்கும். கூட்டை விட்டு வந்தால் படிக்க முடியாது.

சாதாரண பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் "டிஸ்க் வேலை செய்ய வேண்டும்" என்று சொல்லாதீர்கள், ஃபார்மேட் செய்து வேலை செய்யவைத்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தவறில்லை, கேட்டது அதுதானே. "டிஸ்க் வேண்டாம், உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டும், எதையும் எழுதக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த அப்டேட் வருவதற்குள்

எக்ஸ்டர்னல் டிஸ்கை எஜெக்ட் செய்து, கையால் கழற்றி மேசைமேல் வைத்த பிறகே பெரிய அப்டேட்டைத் தொடங்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை, டிஸ்க் நலமாக இருக்கும் இப்போதே, போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் எழுத்து எது, முறை எது, அளவு எது என்று பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. பிட்லாக்கர் சாவி கம்ப்யூட்டரிலோ அதே டிஸ்கிலோ இருந்தால் இல்லாததற்குச் சமம். காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஒரே டிஸ்கில் மட்டும் இருக்கும் படங்களுக்கு இரண்டாவது நகல் ஒன்று போடுங்கள், இன்னொரு டிஸ்கிலோ இணையச் சேமிப்பிலோ. அந்த நகலை ஒருமுறை திறந்தும் பார்த்துவிடுங்கள். நகலெடுத்தல் பாதியில் நின்றது தெரியாமலேயே இருப்பவர்கள் பலர்.